லெசோனா, புத்தகமா, வீட்டில் அரை மணி நேரமா? டிசம்பர் விடுமுறைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

இங்கே மொரீஷியஸில் நவம்பரில் பள்ளிக்கூடம் மூடியதும் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: பிள்ளையை லெசோனுக்கு, அதாவது காசு கொடுத்துப் படிக்கும் டியூஷனுக்கு, அனுப்பலாமா, வேண்டாமா? ஜனவரி வரை இரண்டு மாதத்துக்கு மேல் விடுமுறை, படித்ததெல்லாம் மறந்துபோய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் லெசோனுக்கு அனுப்புவது, இல்லாவிட்டால் சும்மா விட்டுவிடுவது என்று இரண்டே வழி இருப்பதுபோல் பேசுகிறோம், அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நடுவில் இன்னும் பல வழிகள் உண்டு, சில காசே கேட்காதவை, சில லெசோனைவிட நன்றாகப் பலன் தருபவை. மொரீஷியஸில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவள் நான், வீட்டில் எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு வழியையும் எடைபோட்டுப் பார்த்து என் முடிவைச் சொல்கிறேன்.

முதலில், விடுமுறையில் உண்மையில் எது போகிறது? இதைப் பற்றி அதிகம் ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள், அங்கே கோடை விடுமுறை கிட்டத்தட்ட மூன்று மாதம். ஹாரிஸ் கூப்பர் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 39 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1996இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்கு மாணவர்கள் பின்னால் போகிறார்கள், அதிலும் கணக்குப் போடுவதும் ஸ்பெல்லிங்கும்தான் அதிகம் அடிவாங்குகின்றன என்று அதில் சொன்னார்கள். வாசிப்பு அப்படியில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் கொஞ்சம் முன்னேறக்கூடச் செய்தார்கள், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். அப்புறம் 2019இல் பால் வான் ஹிப்பெல் என்ற ஆய்வாளர் இதை மறுபடி சோதித்தார். எந்தத் தேர்வை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த நஷ்டம் பெரிதாகவும் தெரிகிறது, சின்னதாகவும் தெரிகிறது என்றார். ஆகவே பயந்து நடுங்கவும் வேண்டாம், ஒன்றுமே ஆகாது என்று இருந்துவிடவும் வேண்டாம். வாய்ப்பாடு, கடன் வாங்கிக் கழித்தல், ஸ்பெல்லிங் மாதிரி கை ஓட வேண்டிய விஷயங்கள் பழக்கம் விட்டால் மங்கும். புரிந்து படித்த பாடம் அவ்வளவு சீக்கிரம் போகாது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வித்தியாசம் மனதில் இருக்கட்டும்.

சரி, லெசோன். நம் ஊரில் பெற்றோர் மனதில் முதலில் வருவது இதுதான், ஏன் என்றும் எனக்குத் தெரியும். நம்மில் பலர் சி.பி.இ. காலத்தில் வளர்ந்தவர்கள். ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு தேர்வு, அதில் ரேங்க் வாங்கினால் நல்ல காலேஜ் (ஏழாம் வகுப்பிலிருந்து படிக்கும் பள்ளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), இல்லாவிட்டால் இல்லை, அந்த ஓட்டம் நான்காம் வகுப்பிலேயே தொடங்கிவிடும். இப்போது அந்தத் தேர்வே இல்லை. 2017இலிருந்து அந்த இடத்தில் பி.எஸ்.ஏ.சி. என்ற ஆறாம் வகுப்புத் தேர்வு இருக்கிறது, ஏழாம் வகுப்பு இடம் பெரும்பாலும் வட்டாரத்தை வைத்தே கிடைக்கிறது, அகாடமி என்ற மேல்நிலைப் பள்ளிகளுக்கான போட்டி அந்த மாற்றத்தின்போது ஒன்பதாம் வகுப்பு முடிவில் எழுதும் என்.சி.இ. தேர்வுக்குப் போனது. அப்படியிருக்க ஒன்பது வயசுப் பிள்ளையை டிசம்பர் வெயிலில் வாரத்துக்கு நான்கு நாள் லெசோனுக்கு ஓட்டுவது பழைய காலத்துப் பயத்தின் மிச்சம் என்றுதான் நான் நினைக்கிறேன். கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு லெசோன் எடுப்பதைச் சட்டமே தடுக்கிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

லெசோனே கூடாது என்று நான் சொல்லவில்லை. கணக்கில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பிள்ளை நின்றுபோயிருந்தால், பின்னம் புரியவில்லை, வகுத்தல் வரவில்லை, வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை என்றால், நல்ல ஆசிரியரிடம் அனுப்புவது பலன் தரும். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஐந்து நகரங்களின் பள்ளி நிர்வாகங்களில் கோடைகால வகுப்புகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. முதல் கோடைக்குப் பிறகு கணக்கில் முன்னேற்றம் தெரிந்தது, வாசிப்பில் தெரியவில்லை. அதுவும் இருபது நாளாவது ஒழுங்காக வந்த பிள்ளைகளுக்குத்தான் நன்றாகப் பலன் கிடைத்தது. இதை நம் ஊருக்கு எப்படிப் பொருத்துவது? லெசோன் என்றால் கணக்குக்கு மட்டும் எடுங்கள், சின்னக் குழுவாக இருக்கட்டும், நடுவில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம். சேர்க்கும் முன் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “போன வருஷப் பாடத்தில் விட்டதைப் பிடிப்பீர்களா, அடுத்த வருஷப் பாடத்தை இப்போதே ஆரம்பிப்பீர்களா?” அடுத்த வருஷப் பாடம் என்று பதில் வந்தால் நான் அனுப்ப மாட்டேன். அடித்தளத்தில் ஓட்டை இருக்கும் பிள்ளைக்கு மேலே இன்னும் பாரம் ஏற்றினால், ஜனவரியில் வகுப்பில் அதே பாடம் வரும்போது “இது எனக்குத் தெரியும்” என்று கவனிக்காமல் உட்கார்ந்திருக்கும், ஆனால் தெரிந்திருக்காது. வகுப்பறையில் வருஷா வருஷம் நான் பார்ப்பது இதைத்தான்.

செலவையும் பாருங்கள். ஒரு பாடத்துக்கு மாதம் இவ்வளவு என்று கேட்கும்போது சின்னத் தொகையாகத் தெரியும். இரண்டு பாடம், இரண்டு பிள்ளை, இரண்டு மாதம், மேலே பஸ் கூலி என்று கூட்டிப் பார்த்தால், அந்தப் பணத்தில் ஒரு வருஷத்துக்குப் படிக்கக் கதைப் புத்தகம் வாங்கிவிடலாம்.

அடுத்தது கடையில் விற்கும் பயிற்சிப் புத்தகங்களும் பழைய கேள்வித்தாள்களும். விலை குறைவு, வேலைக்குப் போகும் பெற்றோருக்கு வசதி, “மூன்று பக்கம் முடி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். சிக்கலும் அங்கேதான். யார் திருத்துவது? பிள்ளை பக்கத்தை நிரப்பி வைத்திருக்கும், பாதி தப்பாக இருக்கும், யாரும் பார்க்காததால் அந்தத் தப்பே பழகிப்போகும். திருத்த நேரம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். வாங்குவதற்கும் முன்னால், பிள்ளை போன வருஷம் எழுதிய கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள். ஆசிரியர் சிவப்பு மையில் கோடு போட்ட கணக்குகளை மட்டும் ஒரு தாளில் மறுபடி எழுதிக் கொடுங்கள், ஒரு நாளைக்கு நான்கைந்து போதும். எந்தப் பயிற்சிப் புத்தகமும் உங்கள் பிள்ளையின் பலவீனத்தை இவ்வளவு சரியாகக் காட்டாது, காசும் இல்லை. மொரீஷியஸ் கல்வி நிறுவனம் தயாரிக்கும் பாடநூல்கள் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கின்றன, நூல் தொலைந்திருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். பழைய பி.எஸ்.ஏ.சி. கேள்வித்தாள்களை ஆறாம் வகுப்புக்குப் போகப்போகிற பிள்ளைக்கு டிசம்பரில் கொடுப்பது ரொம்ப சீக்கிரம், பாதிக் கேள்விகள் இன்னும் படிக்காத பாடத்திலிருந்து வரும், மனசுதான் உடையும்.

போன், டேப்லெட் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாய்ப்பாடு மாதிரி வேகமாகத் திரும்பத் திரும்பப் பழக வேண்டியதற்கு நல்லது, பத்துப் பதினைந்து நிமிஷம், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது. கான் அகாடமி மாதிரி இலவசமானதும் விளம்பரம் இல்லாததும் இருக்கின்றன. ஆனால் கருவியைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் சமையலுக்குப் போனால், பத்தாவது நிமிஷம் பிள்ளை வீடியோவில் இருக்கும். அதோடு இது புயல் காலம், மின்சாரமும் இணையமும் போகிற நாட்கள் வரும், முழுத் திட்டத்தையும் இதன்மேல் கட்ட வேண்டாம்.

இப்போது வாசிப்பு. எல்லா வழிகளிலும் இதைத்தான் நான் முதலில் வைப்பேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ரிச்சர்ட் அலிங்டனும் ஆன் மெக்கில்-பிரான்சனும் ஓர் ஆய்வு செய்தார்கள், 2010இல் வெளிவந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் பன்னிரண்டு புத்தகம், மூன்று வருஷம் தொடர்ந்து, அதுவும் பிள்ளைகளே தேர்ந்தெடுத்த புத்தகங்கள். அவர்களுடைய வாசிப்பு, புத்தகம் கிடைக்காத பிள்ளைகளைவிட மேம்பட்டது, கோடை வகுப்புக்கு அனுப்பினால் கிடைக்கும் அளவுக்கு அந்த முன்னேற்றம் இருந்தது. லெசோனுக்கு எவ்வளவு கொடுக்கிறோம், பன்னிரண்டு புத்தகத்துக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஜேம்ஸ் கிம் என்ற ஆய்வாளர் இதே மாதிரி செய்து பார்த்தபோது, புத்தகத்தை மட்டும் கையில் கொடுத்தால் பெரிய பலன் இல்லை என்று கண்டார். எப்படிப் படிப்பது என்று பள்ளியில் கொஞ்சம் சொல்லிக் கொடுத்து, வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம்போட்டுப் படிக்கக் கேட்டபோதுதான் பலன் தெரிந்தது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் நம் பெற்றோர் பலர் தயங்குவது இந்த இடத்தில்தான்: “எனக்கே இங்கிலீஷ் சரியாக வராது டீச்சர், நான் எப்படிக் கேட்பேன்?” வர வேண்டியதில்லை. பிள்ளை ஒரு பக்கம் படிக்கட்டும், நீங்கள் காது கொடுங்கள், பிறகு “என்ன நடந்தது, சொல்லு” என்று கேளுங்கள். நம் வீட்டில் பேசும் கிரியோல் மொழியில் சொல்லட்டும், தாராளமாக. கிரியோலில் கதையை ஒழுங்காகச் சொல்ல முடிந்தால் இங்கிலீஷில் படித்தது புரிந்திருக்கிறது. சொல்ல முடியாமல் திணறினால் வாய் மட்டும்தான் படித்திருக்கிறது, அதைவிட எளிய புத்தகம் தேவை. ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தெரியாவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம், இது எளிதில் நினைவில் வைக்கக்கூடிய அளவுகோல். காமிக்ஸ் வேண்டாம் என்று தடுக்காதீர்கள். பிரெஞ்சு வாசிப்பு அதிலிருந்து வளர்ந்த பிள்ளைகள் நம் தீவில் நிறைய.

புத்தகம் எங்கே? போர்ட் லூயிஸில் தேசிய நூலகம் இருக்கிறது, குர்பீப்பில் கார்னகி நூலகம், ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வாக்வா என்று நகராட்சிகளுக்கும் நூலகங்கள் உண்டு. கிராமத்தில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு சுலபமில்லை, அது எனக்குத் தெரியும். அப்படியானால் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஆளுக்கு மூன்று புத்தகம் வாங்கி வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம், கோயிலில் வெள்ளிக்கிழமை பார்க்கிறோமே, அங்கேயே.

வீட்டில் அரை மணி நேரம் என்ற வழிக்கு வருவோம். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட தினமும் இருபது, முப்பது நிமிஷம் நல்லது. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது, இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்த்தது நிற்கும், ஒரே மூச்சில் திணித்தது நிற்காது. நேரம் நிலையாக இருக்கட்டும், காலை உணவுக்குப் பிறகு என்றால் தினமும் அப்போதே. பத்து நிமிஷம் கணக்கு, பதினைந்து நிமிஷம் வாசிப்பு, ஐந்து நிமிஷம் நான்கைந்து வாக்கியம் எழுதுவது, அதற்கு மேல் இழுக்க வேண்டாம். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனால் தாத்தா பாட்டி பார்க்கலாம், பார்த்துத் திருத்துவதைச் சாயங்காலம் நீங்கள் செய்யுங்கள்.

கணக்கை நோட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. காத்ர் போர்ன் சந்தைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். காய்கறி விலையை அரைக் கிலோவுக்குத்தான் சொல்வார்கள். ஒரு லிவ் (அரைக் கிலோ) தக்காளி இவ்வளவு என்றால் ஒன்றரைக் கிலோ எவ்வளவு, தெமி லிவ் (கால் கிலோ) பீன்ஸ் எவ்வளவு, நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று பிள்ளையே சொல்லட்டும், பணத்தைப் பிள்ளையே கொடுத்து வாங்கட்டும். பாதி, கால், முக்கால் என்பதெல்லாம் கரும்பலகையில் வருஷம் முழுக்கப் புரியாமல் இருந்த பிள்ளைக்குத் தராசின் முன்னால் புரிந்துவிடும். லிட்சிப் பழக் காலத்தில் நூறு எண்ணிக்கைக்கு ஒரு விலை சொல்வார்கள், 25 வாங்கினால் எவ்வளவு, 150 என்றால் எவ்வளவு, இதைவிட நல்ல வகுத்தல் பெருக்கல் பயிற்சி எனக்குத் தெரியாது.

வரலாறும் அறிவியலும் விடுமுறையில் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட் இருக்கிறது, 2006இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம், ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் பலர் காலடி வைத்த படிக்கட்டுகள் அங்கே இருக்கின்றன. பெல் வில்லேஜில் ராஜீவ் காந்தி அறிவியல் மையம், நகர நடுவில் டோடோ பறவையின் எலும்புக்கூடு வைத்திருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். ஒரு நாள் போய்விட்டு வந்து, பார்த்ததில் மூன்று விஷயத்தை எழுதச் சொன்னால் போதும்.

தமிழைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட விடுமுறையில் வேகமாகக் கரைவது அதுதான். யோசித்துப் பாருங்கள்: கிரியோல் வீட்டில் இருக்கிறது, பிரெஞ்சு தொலைக்காட்சியிலும் செய்தித்தாளிலும் இருக்கிறது, இங்கிலீஷ் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. தமிழ் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளியின் தமிழ் வகுப்பில் மட்டும்தான் இருக்கிறது, வகுப்பு நின்றால் எல்லாமே நிற்கிறது. ஜனவரி முதல் வாரத்தில் கே, கை எது எது என்று குழம்புவார்கள், கொ, கோ இரண்டும் ஒன்றாகிவிடும், ழகரம் லகரமாகிவிடும். இதற்கு லெசோன் வேண்டாம், ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிஷம் தவறக் கூடாது. தமிழ்ப் பாடநூலில் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிப்பது, மூன்று சொல் பார்க்காமல் எழுதுவது, அவ்வளவுதான். நம் ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, ஒவ்வொரு நோட்டிலும் அதைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம்.

இந்த மாதங்களில் மார்கழி வருகிறது, பொங்கல் வருகிறது, தைப்பூசக் காவடிக்கு ஆயத்தம் வருகிறது. கோயிலில் பாடும் பாட்டுகளைப் பலர் ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறோம். பிள்ளைக்கு ஒரு பாட்டையாவது தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுங்கள். ராகம் ஏற்கெனவே காதில் இருப்பதால் எழுத்து தானாகக் கண்ணுக்குப் பிடிபடும், அடுத்து என்ன சொல் வரும் என்று தெரிந்துகொண்டே படிக்கிற பிள்ளைக்குப் பயம் வராது. என் வகுப்பில் படிக்கவே கூசிய பிள்ளைகள்கூடப் பாட்டு என்றால் படித்துவிடுகிறார்கள். காவடி விரதத்தின்போது கோயிலுக்குத் தினமும் போகிற குடும்பமாக இருந்தால் இதைவிட நல்ல தமிழ் வகுப்பு வேறு கிடைக்காது.

ஒன்றுமே செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான், அதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் அப்படியே விடுங்கள், முக்கியமாக ஆறாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த பிள்ளையை. வருஷம் முழுக்க ஓடிய உடம்பு, தூங்கட்டும், கடலுக்குப் போகட்டும், சொந்தக்காரப் பிள்ளைகளோடு விளையாடட்டும். சண்டை போட்டு, சமாதானமாகி, ஆட்டத்துக்குத் தாங்களே விதி போட்டு விளையாடுவதும் படிப்புதான். ஆனால் இரண்டு மாதமும் அப்படியே என்றால், ஏற்கெனவே வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு அது உண்மையிலேயே கஷ்டத்தைக் கொடுக்கும்.

ஆகவே என் முடிவு பிள்ளைக்குப் பிள்ளை மாறும். மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைக்கு வாசிப்பும் சந்தைக் கணக்கும் போதும், லெசோன் வேண்டவே வேண்டாம். நான்கிலிருந்து ஐந்துக்கும் ஐந்திலிருந்து ஆறுக்கும் போகிற பிள்ளைக்கு டிசம்பர் நடுவிலிருந்து தினம் அரை மணி நேரம், போன வருஷத் தப்புக் கணக்குகள், வாரத்துக்கு ஒரு புத்தகம். ஏழாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு நான் வாசிப்பைத்தான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு பாடமும் நீளமான இங்கிலீஷ் பத்திகளாக வரும். கணக்கில் எங்கே தடுக்குகிறது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்தால் மட்டும் லெசோன், அந்த ஒரு பாடத்துக்கு, ஒரு மாதம். மூன்றாம் வகுப்பு முடித்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளையாக இருந்தால் இவை எதுவும் போதாது, ஜனவரிக்குக் காத்திருக்காமல் கண் பார்வையைச் சோதியுங்கள், பள்ளி திறந்த முதல் வாரமே ஆசிரியரிடம் பேசுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்ள யாருமே இல்லாததால்தான் லெசோனுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளை தெருவில் நிற்பதைவிட அது மேல். அப்படி அனுப்பினாலும் ராத்திரி படுக்கும் முன் பதினைந்து நிமிஷம் ஒரு புத்தகத்தைப் பிள்ளை வாசிக்க நீங்கள் கேளுங்கள், அந்த ஒன்றை லெசோன் ஆசிரியரால் உங்களுக்காகச் செய்ய முடியாது.

அப்புறம், பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் தூங்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவாருங்கள், தினமும் அரைப் பக்கம் பென்சிலால் எழுத விடுங்கள். இரண்டு மாதம் எழுதாத கை முதல் நாளே வலிக்கும், வலிக்கிற கையோடு எந்தப் பிள்ளையும் பாடத்தைக் கவனிக்காது.